தரை தெரியாத படங்கள்

"கரண்ட் போச்சுன்னு சொல்றேன்ல. எத்தனை தடவை சொல்றது?"

"எந்தக் கரண்ட்டு மாப்ள? என் வீடு உன் வீட்டுக்கு மூணாவது தெரு. ஒரே கம்பத்துலருந்துதான் வருது. நேத்து காலையில என் வீட்டு ஃபேன் ஒரு நொடி நிக்கல."

"உன் பக்கம் போகாம இருந்திருக்கும்."

"சரி, எத்தனை மணிக்குப் போச்சு?"

"அதெல்லாம் யாரு பாத்தா."

"இந்தக் கம்ப்யூட்டர் பாத்திருக்கு. இந்தா எழுதியிருக்கு பாரு, ஆறு அம்பத்திரெண்டு. கரண்ட்டு போகல. யாரோ சுவத்துல இருந்த சுவிட்சைக் கை வச்சு அணைச்சிருக்காங்க. யாருன்னு மட்டும் சொல்லு."

"யாரும் கை வைக்கல."

"அப்ப பேய் வந்து அணைச்சுதா? ஞாயித்துக்கிழமை காலையில, குளிச்சு முழுகிட்டு?"

கெபுவேலியின் கடை ஒரு பழைய கப்பல் கன்டெய்னர். டோங்காவின் தலைநகர் நுகுஅலோஃபாவில் சந்தைக்குப் பின்னால், கதவு வெட்டி ஜன்னல் வைத்து, அதில்தான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். உள்ளே பேசுவதெல்லாம் தகரத்தில் மோதி வெளியே இரட்டிப்பாகக் கேட்கும். கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த ஹுலிட்டாவுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. உள்ளே பொய் சொல்லிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் ஃபெலெட்டி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அதனால்தான் இத்தனை மோசமாகச் சொன்னான்.

யார் அணைத்தது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் செத்தாலும் சொல்ல மாட்டான் என்பதும் தெரியும். இன்னும் எவ்வளவு நேரம் இது ஓடும் என்று பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள்.

"விடு கெபு. அணைச்சது இவரோட அக்கா."

ஃபெலெட்டி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய கேபிள்களைப் பார்த்தான். கெபுவேலி கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தான்.

"அக்காவா," என்றான். குரல் பாதியாகிவிட்டது. "பெரியவங்களா? வவாவூத் தீவுல இருக்காங்களே?"

"அவங்கதான்."

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்ல மாப்ள."

"நான் எதுவும் சொல்லல," என்றான் ஃபெலெட்டி. "இப்பவும் சொல்லல."

"நீயும் சொல்லல, நானும் கேக்கல. கரண்ட்டுதான் போச்சு. போதுமா?"

சண்டை அதோடு முடிந்தது. டோங்காக்காரனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கூடப்பிறந்தவளைப் பற்றி ஒரு குறை வாயில் வரக்கூடாது. அவள் இருக்கும் அறையில் உட்காரக்கூடாது. பிள்ளைகளுக்கு அத்தை என்றால் அந்த வீட்டில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. அவள் எடுத்துக்கொண்டது அவளுடையது. அவள் உடைத்தது உடையவே இல்லை. கெபுவேலியின் அக்கா இரண்டு வருடம் முன்னால் அவன் படகு மோட்டாரைப் பார்த்து "நல்லாருக்கே" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அன்று சாயங்காலமே அதைக் கழற்றி அவள் படகில் மாட்டிக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனவன் அவன்.

கெபுவேலி அவள் லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிரைவை எடுத்து ஹுலிட்டாவின் காதருகே பிடித்து மின்சாரம் கொடுத்தான். முன்பெல்லாம் அதில் டிக், டிக் என்று பல்லி கத்துவது போல ஒரு சத்தம் வரும். இப்போது வந்தது வேறு. சட்டியின் அடியைக் கரண்டியால் சுரண்டுவது போல.

"கேட்டுச்சா?" என்றான். சட்டென்று பிடுங்கிவிட்டான். "இதுக்கு மேல போட்டா மிச்சத்தையும் சுரண்டிரும்."

"எவ்வளவு வந்துருக்கு?"

"நூத்துக்கு அறுபத்தொண்ணு. அதுல உன் படம் எத்தனைன்னு பாக்கணும். சாயங்காலம் வா."

அந்த டிரைவில் இருந்தது கல்லறைப் படங்கள். எழுபத்துநான்கு கல்லறை, எழுபத்துநான்கு படம்.

ஃபாலேமோட்டு சின்னத் தீவு. ஹுலிட்டா அங்கே வாழ்க்கைப்பட்டுப் போய்ப் பதினாறு வருடம் இருந்தாள். அங்கே கல்லறை என்றால் கல் கிடையாது. வெள்ளை மணலைக் குவித்து, சுற்றிக் காலி பாட்டில்களைத் தலைகீழாக நட்டு, பின்னால் இரண்டு கம்பு ஊன்றிப் பூப்போட்ட மெத்தைவிரிப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பெயர்ப் பலகை வைத்தாலும் உப்புக்காற்றில் மூன்று வருடம் தாங்காது. யார் எங்கே என்பது ஊருக்கே தெரியும், பலகை எதற்கு என்று விட்டுவிடுவார்கள். தேவாலயத்தின் ஆண்டுவிழா மலருக்காக ஹுலிட்டா ஒருமுறை ஒவ்வொரு மேட்டிலும் ஒரு சிலேட்டைச் சாய்த்து வைத்து, எண்ணும் பெயரும் எழுதிப் படம் எடுத்தாள். எல்லாப் படத்திலும் ஓரத்தில் தேவாலயத்தின் கல்படி தெரியும்படி நின்று எடுத்தாள். படியிலிருந்து எத்தனை தப்படி என்று பிறகு வரைபடம் போட வசதியாக இருக்கும் என்று அப்படிச் செய்தாள். மலர் அச்சாகவேயில்லை.

ஐம்பத்திரண்டாம் எண் அவளுடையது. லெய்சி, மூத்தவள். பதினோரு நாள் இருந்தாள். அந்த மேட்டைச் சுற்றி வைக்க நாலு பாட்டில் போதுமாயிருந்தது.

பிறகு அந்தச் சுனாமி அலை வந்தது. பிள்ளைகளையும் பன்றிகளையும் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் மேட்டுக்கு ஓடினபோது ஹுலிட்டா ஒரு கையில் சின்ன மகளையும் இன்னொரு கையில் அரிசிச் சாக்கில் சுற்றிய லேப்டாப்பையும் வைத்திருந்தாள். "தண்ணிக்குள்ள போய் டைப் அடிக்கப் போறியா?" என்று அந்த ஓட்டத்திலும் ஒருவன் கேட்டான். ஏறும்போது சாக்கு ஒரு பாறையில் நங்கென்று இடித்தது. அன்றைக்கு அதை யார் கணக்கில் எடுத்தார்கள். வீடு, தென்னை, தேவாலயம் எல்லாம் போய், கல்படி மட்டும் மிச்சம் நின்றது. ஊர் முழுக்க நுகுஅலோஃபா இருக்கும் பெரிய தீவுக்கு வந்து, ஒரே மாதிரி வீடுகள் வரிசையாகக் கட்டிக் கொடுத்த குடியிருப்பில் சேர்ந்தது.

இப்போது கடல் அந்தக் கல்லறை மண்ணையும் அரிக்க ஆரம்பித்திருந்தது. எலும்பு வெளியே தெரிகிறது என்று மீன்பிடிக்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள். அரசாங்கப் படகு போகும், எல்லாரையும் எடுத்து வந்து குடியிருப்புக்குப் பக்கத்தில் புதைக்கலாம் என்று முடிவானது. யாரென்று தெரிந்தால் அந்தக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். தெரியாதவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே குழி. "கவலை வேணாம், ஹுலிட்டாகிட்ட ஒண்ணு விடாம படம் இருக்கு," என்று தேவாலயத்தில் எழுந்து அறிவித்தார்கள். அவளும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். டிக், டிக் என்றது. திரையில் ஒன்றும் வரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஃபெலெட்டி போனில் எதையோ படித்துவிட்டு, டிரைவைக் கழற்றி ரொட்டி வந்த பையில் போட்டு, ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்தான். குளிர்ந்தால் ஓடுமாம். ஓடவில்லை. வெளியே எடுத்தபோது அது முத்துமுத்தாக வியர்த்தது.

"ஆட்டுக்கறி பக்கத்துலயா வச்ச?" என்று கெபுவேலி அன்றைக்கே கேட்டான். "கொஞ்சம் உப்பும் தடவியிருக்கலாம்ல."

ஆனால் அவன் கைராசிக்காரன். ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டி எப்படியோ அதைச் சுற்ற வைத்துவிட்டான். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பக்கமே அதில் கெட்டுப் போயிருந்தது. அதனால் வேண்டியதை மட்டும் எடுக்க முடியாது, முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வேறு டிரைவுக்கு மாற்ற வேண்டும், நாலைந்து நாள் ஆகும் என்றான். கடையில் சாயங்காலமானால் சந்தைக்காரர்கள் மெயினை அணைத்துவிடுவார்கள். அதனால் வியாழக்கிழமை எல்லாவற்றையும் தூக்கி வந்து ஹுலிட்டா வீட்டு மேசையில் வைத்துக் கொடுத்தான். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன்.

"நகத்தாத. நிறுத்தாத. இது கிழவன் மலையேற மாதிரி. நடக்கிற வரைக்கும் நடக்கும். உக்கார வச்சா எந்திரிக்காது."

இரண்டு மகள்களிடமும் சொன்னாள். ஃபெலெட்டியிடம் சொன்னாள். பக்கத்து வீட்டு மனாசே வேலி வழியாகத் தலையை நீட்டி, மழைநீர்த் தொட்டியைக் கேட்பது போல, "ரொம்பிருச்சா?" என்று வேளைக்கு ஒரு தடவை கேட்டான். அவன் அப்பாவுக்கு ஏழாம் எண். "பாதி ரொம்பிருச்சு," என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் வவாவூ கப்பலில் நாத்தனார் கலோலைனே வந்து இறங்கினாள். அவளையும் ஃபெலெட்டியையும் பெற்ற தாய் ஃபாலேமோட்டு மண்ணில்தான் இருந்தாள். எலும்பை எடுக்கப் போகும் படகில் கூடப் போகத்தான் கலோலைனே வந்திருந்தாள். அக்கா உள்ளே இருப்பதால் ஃபெலெட்டி பாயைச் சுருட்டிக்கொண்டு மனாசே வீட்டுக்குப் போய்விட்டான். கலோலைனேவுக்குப் பெரிய அறையில் படுக்கை போட்டார்கள். அந்த மேசை இருந்ததும் பெரிய அறைதான்.

"என்னம்மா இது, அடுப்புல எதையோ வச்ச மாதிரி முனகிட்டே இருக்கு?"

"கம்ப்யூட்டர் வேலை அண்ணி. தீவுல எடுத்த படமெல்லாம்."

"ஓ. எங்கம்மா படம் இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"நல்லா இரு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இதைத் தொடாதீங்க, அணைக்காதீங்க என்று இரண்டு வார்த்தை. சொல்ல வாயெடுத்தாள். நாத்தனாரைப் பார்த்து ஒன்றைச் செய்யாதே என்று சொல்வது எப்படி? நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு வாக்கியத்தை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எந்த மரியாதைச் சொல்லைக் கொண்டு தொடங்குவது என்றே தெரியவில்லை. "அண்ணி, கோழி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். மேசைமேல் ஒரு துணியாவது போட்டு மூடலாமா என்று நினைத்தாள். சூடாகிவிடும் என்று அதையும் விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே ஹுலிட்டாவும் மகள்களும் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். பாட்டுப் பயிற்சி. எட்டு மணிக்குத் திரும்பி வாசலில் கால் வைத்தபோதே வீடு அமைதியாக இருந்தது தெரிந்தது. மூன்று நாளாகக் காதுக்குப் பழகிவிட்ட அந்த முனகல் இல்லை. ஃபேனும் நின்றிருந்தது.

கலோலைனே உடைக்கு மேல் சுற்றும் இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பத்து மணி ஆராதனைக்கு.

"உன் மெஷினை அணைச்சிட்டேன்மா. நேத்தே மறந்துட்டே போல. ஞாயித்துக்கிழமைல வேலை ஓடலாமா? யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?"

அவள் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. கடை மூடியிருக்கும், விமானம் இறங்காது, துணி துவைத்துக் கொடியில் போட்டால்கூடப் பக்கத்து வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்த நாளில் தம்பி வீட்டின் பேர் கெடாமல் பார்த்துக்கொண்டாள்.

"சரி அண்ணி," என்றாள் ஹுலிட்டா.

திரும்பப் போட்டுப் பார்க்கவும் பயம். கெபுவேலியை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடவும் முடியாது. ஒரு நாள் முழுக்க அந்த மேசையைத் தாண்டித் தாண்டி நடந்தாள். குழி அடுப்பிலிருந்து எடுத்த லூவை, சேப்பிலையில் கட்டி வேகவைத்த கறியை, தட்டில் வைத்தார்கள், அவள் அதை மகள்கள் பக்கம் நகர்த்தினாள். மனாசே வேலியிலிருந்து, "ரொம்பிருச்சா?" என்றான். அவள் கையைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் கெபுவேலி கடையில் திரையைத் திருப்பிக் காட்டினான். பேச்சில் கேலி இல்லை.

"முழுசா ஒம்போது படம். பாதியா பதினாலு. மத்தது இல்ல ஹுலிட்டா."

நூற்றுக்கு அறுபத்தொன்றில் மற்றபடி வந்து சேர்ந்ததெல்லாம் வேறு படங்கள். மகள்களின் பிறந்தநாள், மனாசேவின் பன்றி, ஃபெலெட்டி கழற்றிப் போட்ட இன்ஜினை ஒரே இடத்தில் நின்று எடுத்த நாற்பது படம். அத்தனையும் பளிச்சென்று வந்திருந்தன.

ஒன்பதில் ஒன்று கலோலைனேவின் அம்மா. இருபத்தொன்றாம் எண். படி, மேடு, பாட்டில் எல்லாம் தெளிவு.

"அம்பத்திரெண்டு?"

"பாதில இருக்கு." அவன் எழுந்து அவளை உட்கார வைத்தான். "மேல இருந்து கீழ வரும்மா படம். அறுந்த இடத்தோட நின்னுரும்."

மேலே வானம் இருந்தது. தென்னையின் தலை இருந்தது. மஞ்சள் விரிப்பின் மேல் ஓரமும், அதன்மேல் சாய்ந்த சிலேட்டின் உச்சியில் அவளே எழுதிய 52-உம் இருந்தன. அதற்குக் கீழே சாம்பல் நிறம். படி தெரிய வேண்டிய ஓரமும் சாம்பல். வேண்டியதெல்லாம் தரையில் இருந்தது. தரை வரவில்லை. பதினாலு பாதிப் படத்திலும் அப்படித்தான். பதினாலு வானம்.

"ஆக்லாந்துல ஒரு எடம் இருக்கு," என்றான் கெபுவேலி. "தூசி இல்லாத ரூம்ல வச்சுப் பிரிப்பாங்க. சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்பிருக்கேன்."

"என்ன சொன்னாங்க?"

அவன் ஃபேனைத் துடைக்க ஆரம்பித்தான்.

"கெபு."

"சுரண்டல் சத்தம் வந்தா அனுப்பாதீங்கன்னு சொல்லிட்டாங்க. தகட்டுல எழுதினதே உதிர்ந்து போயிருக்கும்னு."

செவ்வாய்க்கிழமை படகு போனது. ஃபெலெட்டி முன்பக்கம், கலோலைனே பின்பக்கம், நடுவில் ஹுலிட்டா. மடியில் அச்செடுத்த ஒன்பது படம். மனாசே எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

படியிலிருந்து தப்படி வைத்து ஒன்பது இடத்தையும் காட்டினாள். மற்ற இடங்களைக் கேட்டபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இந்தப் பக்கம் என்றாள் ஒருத்தி, இல்லை அந்தப் பக்கம் என்றார்கள். தென்னைகளை வைத்து ஞாபகம் வைத்திருந்த ஊர். தென்னை ஒன்றும் இல்லை. லெய்சிக்கு எந்த இடத்தில் மண்டியிடுவது என்று ஹுலிட்டாவுக்கே தெரியவில்லை. ஐந்து வருடம் வாரத்துக்கொரு முறை மணல் மாற்றிய கை அது. அதற்கும் தெரியவில்லை. தோண்டினவர்கள் சொன்னார்கள், பதினோரு நாள் பிள்ளை என்றால் எலும்பே இருக்காதம்மா என்று. ஆறுதலாகத்தான் சொன்னார்கள்.

இருபத்தொன்றாம் இடத்தில் எடுத்ததைத் தனியாக வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். கலோலைனே வந்து நின்றாள். யார் அவளிடம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. ஃபெலெட்டி நிச்சயம் சொல்லியிருக்க மாட்டான். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பழைய, கிழிந்த, பெரிய பாய். துக்கத்திலும், மன்னிப்புக் கேட்கும்போதும் கட்டுவது.

"எங்கம்மாவைத் தனியா வைக்க வேணாம்," என்றாள். "மத்தவங்களோடயே போடுங்க."

"அண்ணி, அவங்க யாருன்னு தெரியுதே," என்றாள் ஹுலிட்டா.

"தெரிஞ்சவங்க ஒருத்தராவது அங்க இருக்கட்டும். பிள்ளைங்களும் இருக்குல்ல அந்தக் குழில."

அவளை மறுத்துப் பேச அங்கே யாருக்கும் உரிமை இல்லை. ஃபெலெட்டி முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். ஹுலிட்டா தலையை மட்டும் அசைத்தாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. கிழவியைக் கொண்டுபோய் அந்தக் குழியில் வைத்ததால் லெய்சி கிடைத்துவிடவில்லை. லெய்சி அந்தக் குழியில் இருக்கிறாளா, அந்தத் தீவின் மணலிலேயே விடப்பட்டாளா என்பதும் தெரியாது.

குடியிருப்பில் இப்போது எட்டு மேடும் ஒரு பெரிய மேடும் இருக்கின்றன. பெரிய மேட்டின் பலகையில் அறுபத்தாறு பெயர் எழுதியிருக்கிறது. அதற்குச் சுற்றிவர எத்தனை பாட்டில் நட்டும் போதவில்லை. ஹுலிட்டா சனிக்கிழமைதோறும் மணல் மாற்றுகிறாள். டிரைவை எறியவில்லை. அதே ரொட்டிப் பையில், அலமாரியில் துணிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். ஃப்ரீசரில் இல்லை.

ஹுலிட்டா சொல்லி நான் எழுதின இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், தகடு சுரண்டிப்போன டிரைவிலிருந்து யாராவது, எங்காவது, ஒரு படத்தின் கீழ்ப்பாதியையாவது எடுத்திருக்கிறார்களா என்று எழுதுங்கள். ஃப்ரீசர் யோசனை வேண்டாம், அது ஆகிவிட்டது. முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். இரண்டில் எதுவானாலும் ஹுலிட்டாவிடம் படித்துக் காட்டுகிறேன்.